பிரேசில் சுட்டகறிக் கடை: போனா எப்படிச் சாப்பிடணும், நம்மூர் மாடியில எப்படிச் சுடணும்?

சமாதானபுரத்தான் கேட்டது:

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். ஜூன் மாசம் அப்பா அம்மாவக் கூட்டிட்டு டல்லாஸ்ல இருக்குற தங்கச்சி வீட்டுக்குப் போறோம். தங்கச்சி மாப்பிள்ளை அங்க ஒரு பிரேசில் ஸ்டேக்ஹவுஸ்ல டேபிள் சொல்லி வச்சிருக்காரு. ஆளுக்கு ஒரே ரேட்டு, போதும்னு சொல்ற வரைக்கும் கம்பியோட கறியக் கொண்டுவந்து தட்டுல அறுத்துப் போடுவாங்களாம். நான் எல்லாம் சாப்பிடுவேன். அப்பாவுக்கு ஆடு, கோழி, மீன் மட்டும்தான். மாடும் பன்னியும் ஆகாது, போதாததுக்கு பிரஷர் வேற. அம்மா சுத்த சைவம். அங்க போய் முழிக்காம இருக்க என்னென்ன தெரிஞ்சுக்கணும்?

இன்னொண்ணு. ஆகஸ்டுல சொந்தக்காரங்க 25 பேரு வீட்டுக்கு வாராங்க. மொட்டை மாடியில இதே மாதிரி கம்பியில சுட்டு அறுத்துப் போடலாம்னு ஒரு ஆசை. ஆட்டுக்கறியும் கோழியும் போதும். கிரில் மெஷின் எல்லாம் கிடையாது. செங்கல், கரி, கம்பி இத வச்சு முடியுமா? கறி எவ்வளவு, கரி எவ்வளவு?

டவுண் ரதவீதி:

தம்பி, கடை விஷயத்த நான் சொல்லுதேன். சுடுத விஷயத்துக்கு இங்க வேற ஆள் இருக்கு.

இந்த முறைக்குப் பேரு ரொடீசியோ, கடைக்குப் பேரு சுராஸ்கரியா. பிரேசிலோட தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டி டு சுல்ல மாடு மேய்க்கிற கௌச்சோக்கள் வெட்டவெளியில தீ மூட்டி, கறியக் கம்பியில கோத்து, கல் உப்ப மட்டும் போட்டுச் சுடுவாங்க. அதுதான் கடைக்குள்ள வந்திருக்கு. ஃபோகோ டி சாவ் கம்பெனி 1979ல போர்ட்டோ அலெக்ரியில ஆரம்பிச்சது. அமெரிக்காவுல அவங்க முதல் கடைய 1997ல தொறந்ததே டல்லாஸை ஒட்டின அடிசன்லதான். அந்த ஊர்ல இந்த மாதிரிக் கடைக்குப் பஞ்சம் கிடையாது.

உட்கார்ந்ததும் மேசையில வட்டமா ஒரு அட்டை கிடக்கும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. பச்சை மேல இருந்தா கறி வரும், சிவப்பா இருந்தா தாண்டிப் போயிருவாங்க. கறி கொண்டு வாரவருக்குப் பேரு பசடோர். கம்பியோட நுனிய ஒரு சின்னத் தட்டுல ஊனிக்கிட்டு, மேல இருந்து கீழா மெல்லிசா அறுப்பாரு. உங்க தட்டுப் பக்கத்துல சின்ன இடுக்கி ஒண்ணு இருக்கும். துண்டு பாதி அறுந்து சாயும்போது அந்த இடுக்கியால பிடிச்சுக்கிட்டீங்கன்னா, அவரு அடியில அறுத்து விட்டுருவாரு. கைய நீட்டாதீங்க, கத்தி சவரக்கத்தி கூர்ல இருக்கும்.

எல்லாரும் தடுமாறுற இடம் இந்த அட்டைதான். பச்சையத் திருப்பின உடனே நாலு பேரு வரிசையா வருவாங்க. வர்றத எல்லாம் வாங்கிட்டா தட்டுல ஆறு துண்டு ஆறிப்போய்க் கிடக்கும். மாட்டுக்கொழுப்பும் ஆட்டுக்கொழுப்பும் ஆறினா மெழுகு மாதிரி நாக்குல ஒட்டும், அப்புறம் எவ்வளவு நல்ல கறியா இருந்தாலும் ருசிக்காது. ரெண்டு துண்டு வாங்குங்க, சிவப்பத் திருப்புங்க, சூடா சாப்பிடுங்க, பெறகு பச்சை. இப்படிப் போனா ஒன்றரை மணி நேரம் நிம்மதியா இருக்கலாம்.

முதல்ல வர்றது பெரும்பாலும் லிங்குயிசாங்கிற பன்னி சாசேஜ், கோழிக்கால், பேக்கன்ங்கிற பன்னிக்கறிப் பட்டை சுத்தின கோழி. சீக்கிரம் வேகுறதும் விலை கம்மியானதும் முன்னால வரும். அதுலயே வயித்த நிரப்பிக்கிடாதீங்க. வேணுங்கிற வெட்டோட பேரச் சொல்லிக் கேக்குறதுல தப்பே இல்ல. பரிமாறுறவர்கிட்ட "பிக்கான்யா வேணும்"னா அடுத்த கம்பிய உங்க மேசைக்கு அனுப்பி வைப்பாரு.

பிக்கான்யாதான் இந்தக் கடைகளோட உயிர். மாட்டோட வால் முளைக்கிற இடத்துக்கு முன்னால, இடுப்புக்கு மேல தொப்பி மாதிரி மூடியிருக்கிற முக்கோணத் தசை. முழுத்துண்டு ஒரு கிலோவுல இருந்து ஒன்றரை கிலோ வரைக்கும் இருக்கும். அதுக்கு மேல எடை இருந்தா பக்கத்துல இருக்கிற கெட்டித் தசையும் சேர்ந்து வந்திருக்குன்னு அர்த்தம். ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் கனத்துல வெள்ளைக் கொழுப்பு. இதப் பட்டை பட்டையா வெட்டி, கொழுப்பு வெளிப்பக்கம் இருக்கிற மாதிரி வில்லா வளைச்சு, கம்பிக்கு மூணு நாலுன்னு குத்துவாங்க. சுடச்சுட கொழுப்பு உருகி கறி மேலயே வழியும். மேல் பரப்பு வெந்ததும் மேசைக்கு வரும். அத அறுத்துக் கொடுத்தா உள்ள சிவப்பு தெரியும். உடனே திரும்பக் கொண்டு போய் லேசா உப்புத் தூவி மறுபடி தீயில காட்டுவாங்க. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஓரம் முறுகலா கிடைக்கிறதோட ரகசியம் இதுதான். துண்டுல கொழுப்புக் கோடு இல்லன்னா அடுத்த கம்பிக்குக் காத்திருங்க.

நல்லா வெந்தது வேணும்னா "பெம் பசாடோ"ன்னு சொல்லணும், நடுத்தரம்னா "ஆவ் போன்ட்டோ", ரத்தம் தெரிய வேணும்னா "மல் பசாடோ". டல்லாஸ்ல இங்கிலீஷ்ல "வெல் டன்"னு சொன்னாலே போதும். புதுசா வந்த கம்பியில முதல் வெட்டு எப்பவுமே நல்லா வெந்திருக்கும்.

பணம்: குடிக்கிறது, ஸ்வீட், வரி, டிப்ஸ் எல்லாம் அந்த ஒரே ரேட்டுக்குள்ள வராது. டல்லாஸ்ல விற்பனை வரி 8.25 சதவீதம், டிப்ஸ் 18ல இருந்து 20. அஞ்சு பேருக்கு பில்லு பாக்கும்போது இதச் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கிடுங்க. மதியம் போனா ராத்திரிய விடக் கம்மி, கறி வகையில ரெண்டு மூணுதான் குறையும். மிச்சத்தப் பொட்டலம் கட்டித் தர மாட்டாங்க.

வண்ணார்பேட்டை அக்கா:

தம்பி, அப்பா அம்மாவப் பத்தி நான் சொல்றேன்.

அம்மாவுக்கு முழு ரேட்டு கட்ட வேண்டாம். சாலட் பார் மட்டும்னு தனி விலை இருக்கும், பாதிக்குக் கொஞ்சம் மேல வரும். புக் பண்ணும்போதே சொல்லிருங்க. காய்கறி, பழம், சீஸ், பால்மிட்டோங்கிற பனங்குருத்து வகை, சோறு எல்லாம் அங்க இருக்கும். சின்ன உருண்டையா சூடா ஒரு ரொட்டி மேசைக்கே வரும், அதுதான் பாவ் டி கேஜோ. மரச்சீனி மாவும் சீஸும் சேர்த்துச் செய்யறது, கோதுமை கிடையாது. பெரும்பாலும் முட்டை சேரும், அம்மாவுக்கு முட்டை ஆகாதுன்னா வேண்டாம். பொரிச்ச வாழைப்பழமும், பொலென்டாங்கிற மக்காச்சோள மாவுப் பலகாரமும் வரும். கறி பொரிச்ச எண்ணெயிலயா பொரிச்சாங்கன்னு கேட்டுக்கோங்க.

ரொம்பக் கவனமா இருக்க வேண்டியது கறுப்பு பீன்ஸ். சோத்துக்குப் பக்கத்துல குழம்பு மாதிரி இருக்கும், பாத்தா நம்ம காராமணிக் குழம்புன்னு நினைச்சு ஊத்திக்கிடுவோம். அது ஃபெய்ஜோவாடா. பன்னிக்கறி போட்டுத்தான் வேக வைப்பாங்க. அம்மா, அப்பா ரெண்டு பேருக்கும் ஆகாது. பக்கத்துல வறுத்த மாவு மாதிரி ஃபரோஃபா இருக்கும், மரச்சீனி மாவுதான், ஆனா அதுலயும் பேக்கன் துண்டு போடுறதுண்டு. சாலட் பார்ல ரோஜா நிறத்துல மெல்லிசா அடுக்கி வச்சிருக்கிற கறி எல்லாம் அநேகமா பன்னிதான்.

அப்பாவுக்கு: கோர்டேரோன்னா செம்மறி, ஃப்ராங்கோன்னா கோழி. இந்த ரெண்டு பேர மட்டும் மனசுல வச்சுக்கிட்டா போதும். லோம்போ, லிங்குயிசா பன்னி. பிக்கான்யா, அல்காட்ரா, ஃப்ரால்டின்யா, மமின்யா, கொஸ்டெலா எல்லாம் மாடு. கோழி கேட்டா பேக்கன் சுத்தினதா சுத்தாததான்னு ஒவ்வொரு தடவையும் கேக்கணும்.

இன்னொண்ணு நேராவே சொல்லிடறேன். எல்லாக் கம்பியும் ஒரே அடுப்புல அடுக்கடுக்கா சுத்தும். மேல இருக்கிற மாட்டுக்கறியோட, சாசேஜோட கொழுப்பு கீழ இருக்கிற கோழி மேல சொட்டும். அப்பா அது கூட படக்கூடாதுங்கிற கட்டுப்பாடு உள்ளவர்னா கம்பியில வர்ற கறி சரிப்படாது. தனியா சமைக்கிற மீன் பல கடையில மெனுவுல இருக்கு, அத ஆர்டர் பண்ணிருங்க. போன்ல இத விளக்கிச் சொன்னா அவங்க புரிஞ்சுக்கிடுவாங்க, தயங்க வேண்டாம்.

பிரஷருக்கு: உப்பு பூரா மேல் ஓரத்துலதான் இருக்கும். செம்மறி சாப்ஸ் வாங்கி, வெளியில இருக்கிற கல் உப்ப கத்தி முதுகால தட்டி விட்டுட்டுச் சாப்பிடச் சொல்லுங்க. ஊற வச்ச கோழியில உப்பு உள்ள வரைக்கும் இறங்கியிருக்கும், அது ரெண்டு துண்டோட போதும். சாசேஜும் சீஸும் உப்புதான். கடைசியா பட்டைப்பொடி தூவிச் சுட்ட அன்னாசி ஒரு கம்பியில வரும், எல்லாரும் தாராளமா சாப்பிடலாம். அதையும் கறி அறுத்த கத்தியால அறுக்கலாம், அம்மாவுக்குன்னா வேற கத்தி கேளுங்க. பப்பாளி கிரீம் சொன்னா மேல கஸீஸ்னு ஒரு மதுவ ஊத்தித் தருவாங்க, வேண்டாம்னா முன்னாலயே சொல்லணும்.

சமாதானபுரத்தான்:

அக்கா, அண்ணாச்சி, ரொம்ப நன்றி. கறுப்பு பீன்ஸ அம்மா நிச்சயமா ஊத்தியிருப்பாங்க. மாடி விஷயமும் யாராவது சொல்லுங்களேன். நம்மூர் ஆட்டுத்தொடையில அந்தக் கொழுப்புத் தொப்பி கிடையாதே, காஞ்சு போயிராதா?

கயத்தாறு கரிமூட்டம்:

காஞ்சுதான் போகும், அவங்க பிக்கான்யா சுடுற மாதிரியே சுட்டா. நம்ம வெள்ளாட்டுக்கறி கொழுப்புக் கம்மியான கறி. கன்னி ஆடு, கொடி ஆடு எதுவா இருந்தாலும் மேஞ்சு வளர்ந்தது, தசை இறுக்கம். அதனால ஆட்டோட வயசு, ஒரு ராத்திரி ஆற வைக்கிறது, தீயோட உசரம் இந்த மூணும் சரியா அமையணும்.

பத்து கிலோவுக்குள்ள கறி விழுற இளங்கிடாயா பாருங்க. அறுத்த அன்னைக்கே மத்தியானம் சுடாதீங்க. அறுத்த சில மணி நேரத்துல தசை விறைச்சுக்கிடும், அந்த நேரத்துல தீயில காட்டுனா எவ்வளவு நேரம் சுட்டாலும் ரப்பர்தான். குழம்புல ஒரு மணி நேரம் கொதிக்கிறதால அது நமக்குத் தெரியறதில்ல, தீயில உடனே தெரிஞ்சிரும். முந்தின நாள் காலையில வாங்கி, மூடி, ஃப்ரிட்ஜ்ல ஒரு ராத்திரி வைங்க. சுடுறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னால வெளிய எடுத்தாப் போதும்.

கறிக்கடையில தொடைய கட்டை மேல வைக்கிறதுக்கு முன்னாலயே சொல்லிருங்க: துண்டு போட வேண்டாம், எலும்ப மட்டும் எடுத்து விரிச்சுக் கொடுங்கன்னு. பழக்கத்துல டக்குனு குழம்புத் துண்டு போட்டுருவாங்க. வீட்டுல மேல இருக்கிற வெள்ளை ஜவ்வ உரிச்சு எடுங்க, அது சூட்டுல சுருங்கி கறியக் கோணலா இழுக்கும். பெறகு நார் ஓடுற திசையிலேயே நாலு விரல் அகலப் பட்டையா வெட்டி, வளைச்சுக் குத்துங்க. மேசையில அறுக்கும்போது கத்தி நாருக்குக் குறுக்கே விழும். மூணு நாலு மில்லிமீட்டர் கனத்துல அறுத்தா மெல்ல சுகமா இருக்கும். கொழுப்புக்கு, கடைக்காரர்கிட்ட கிட்னி மேல இருக்கிற வெள்ளைக் கொழுப்பு அரைக்கிலோ கேட்டு வாங்கி, ரெண்டு கறிக்கு நடுவுல விரல் கனத் துண்டா சேர்த்துக் கோருங்க.

அளவு: எலும்பில்லாத பச்சைக்கறியா பிரேசில்ல ஆளுக்கு 400லேர்ந்து 500 கிராம் போடுவாங்க. நம்ம பக்கம் சோறோ பரோட்டாவோ கூட வச்சாத்தான் திருப்தி, அதனால 350 போதும். 25 பேருக்கு 9 கிலோ. நாலு கிலோ ஆட்டுத்தொடை, மூன்றரை கிலோ எலும்பெடுத்த கோழித்தொடை, ஒண்ணரை கிலோ கோழி ஹார்ட். கோழி நெஞ்சுக்கறி வேண்டவே வேண்டாம், கம்பியில சக்கையாயிரும். பிரேசில்ல கோழி ஹார்ட்டுக்குன்னே தனிக் கூட்டம் உண்டு. நம்ம பிராய்லர் கடையில ஈரலோட சேர்த்துத் தள்ளி வைக்கிறது அது. ரெண்டு நாள் முன்னால சொன்னா சேர்த்துத் தருவாங்க. மேல ஒட்டியிருக்கிற குழாயையும் ரத்தக்கட்டியையும் எடுத்துட்டு, பூண்டும் எலுமிச்சையும் உப்பும் போட்டு ஒரு மணி நேரம் வச்சு நெருக்கமா கோருங்க. 12லேர்ந்து 15 நிமிஷம் போதும்.

உப்புதான் ரொம்பப் பேரு சறுக்குற இடம். தூத்துக்குடிக் கல் உப்பு நம்ம வீட்டுலயே இருக்கு, அத விட வேற எதுவும் தேவையில்ல. ஆனா அப்படியே போட்டா கல்லு பெருசு, ஒட்டாம உருண்டுரும். உரல்ல ரெண்டு இடி இடிச்சு மிளகு, கடுகு அளவுக்குக் கொண்டு வாங்க. கிலோவுக்கு 20 கிராம். கம்பிய தீ மேல வைக்கிறதுக்குச் சரியா முன்னாலதான் தேய்க்கணும். பத்து இருபது நிமிஷம் முன்னால தேய்ச்சா கறி தண்ணி விட்டு மேல் பரப்பு ஈரமாயிரும், ஈரக்கறி சிவக்காது, அவிஞ்சுதான் போகும். தூள் உப்புன்னா உள்ள இறங்கிக் கரிச்சுப் போகும். வெந்ததும் கம்பிய ஒரு தட்டு தட்டினா அதிக உப்பு உதிர்ந்துரும்.

மசாலா போடணும்னு கை துறுதுறுக்கும். மிளகாத்தூளும் மல்லித்தூளும் கரித்தீயில கருகிக் கசக்கும். ஆட்டுக்கு பூண்டு, புதினா, எலுமிச்சைச் சாறு போதும். பப்பாளிக்காய் அரைச்சுத் தேய்க்கிறதா இருந்தா கிலோவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன், ஒரு மணி நேரம், அதோட சரி. கூடுனா மேல் பக்கம் மாவாயிரும், உள்ள அப்படியே இருக்கும்.

கரி: கிலோ கறிக்குக் கிலோ கரின்னு வாங்குங்க, கூட ரெண்டு கிலோ. விளாத்திகுளம், புதூர் பக்கத்து சீமைக்கருவேலக் கரியே நல்லா நிக்கும். ரெண்டு துண்ட ஒண்ணோட ஒண்ணு தட்டுனா கணீர்னு கேக்கணும். மொத்துன்னு கேட்டா உள்ள பாதி விறகு, புகைஞ்சுக்கிட்டே இருக்கும். மூட்டுறதுக்கு மண்ணெண்ணெய் தொடாதீங்க, அந்த வாடை கடைசித் துண்டு வரைக்கும் போகாது. சிரட்டையும் தேங்காச் சவுரியும் அடியில வச்சுப் பத்த வைங்க. 35, 40 நிமிஷம் ஆகி மேல சாம்பல் பூத்த பிறகுதான் கறி. கறி இருக்கப் போற உசரத்துல உள்ளங்கையக் காட்டுங்க. நாலஞ்சு எண்ணுற வரைக்கும் தாங்கினா கோழிக்கும் ஆட்டுக்கும் சரியான சூடு. ரெண்டுலயே கைய எடுத்தா ரொம்ப அதிகம், ஹார்ட்டுக்கு மட்டும் சரி.

கொழுப்பு சொட்டித் தீ எழும்பினா தண்ணி தெளிக்காதீங்க, சாம்பல் கிளம்பி கறியில ஒட்டும். கம்பியத் தூக்கிட்டு கரிய ஒரு பக்கமா ஒதுக்குங்க, அரை நிமிஷத்துல அடங்கிரும்.

ஆட்ட மட்டும்தான் பாதி வெந்ததும் அறுத்து, திரும்பத் தீயில காட்டலாம். கோழி உள்ள வரைக்கும் முழுசா வேகணும், நடுவுல ரோஸ் நிறம் இருக்கக் கூடாது. தெர்மாமீட்டர் இருந்தா 74 டிகிரி. பச்சைக்கறி வெட்டுன பலகையில வெந்த கறிய வைக்கிறது ஆகவே ஆகாது.

தென்காசி சாரல்:

கரிமூட்டம் அண்ணாச்சி சொன்னதோட ரெண்டு விஷயம் சேர்க்கணும், ரெண்டுமே ஆகஸ்டுக்கும் மாடிக்கும் முக்கியம்.

ஆகஸ்டுல மேகாத்து. மலைக் கணவாய் வழியா வர்ற மேற்குக் காத்து பாளையங்கோட்டை வரைக்கும் வீசும், மாடியில கேக்கவே வேண்டாம். கரி நிமிஷத்துக்கு நிமிஷம் சீறி எரிஞ்சு கறி ஒரு பக்கம் கருகும், பொறி பக்கத்து வீட்டுத் துணிக்கொடி வரைக்கும் பறக்கும். மேற்குப் பக்கம் தண்ணித்தொட்டிச் சுவரோ படிக்கட்டு அறைச் சுவரோ இருந்தா அத ஒட்டிக் கிழக்குப் பக்கமா அடுப்பு கட்டுங்க. சாயங்காலம் காத்து கொஞ்சம் தணிஞ்ச பிறகு ஆரம்பிக்கலாம். ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணியும் பக்கத்துல இருக்கட்டும்.

தளத்து மேல நேரா கரி கொட்டினா ஓடு வெடிக்கும், சிமெண்டுத் தளமா இருந்தா செதில் செதிலா பேரும். செங்கல் ரெண்டு வரிசை படுக்க வச்சு, அது மேல மூணு அங்குலம் மணல், அதுக்கு மேல கரி. ரெண்டு பக்கமும் செங்கல் சுவர், நடுவுல ஒன்றரை அடி இடைவெளி, நீளம் நாலு அடி. கரியில இருந்து கம்பி வரைக்கும் முக்கால் அடி உசரம் வச்சு, ஒரு முனையில மட்டும் இன்னும் ரெண்டு கல் ஏத்தி ஒன்றேகால் அடி ஆக்குங்க. ஆடு அந்த உசர முனையில மெதுவா வேகட்டும், கோழி தாழ்ந்த முனையில.

கம்பி: உருட்டுக்கம்பி வேண்டாம். நீங்க திருப்பினா கம்பி மட்டும் சுத்தும், கறி அப்படியே தொங்கும். ஒரு சென்டிமீட்டர் அகலத் தட்டைப் பட்டை, ஸ்டெயின்லெஸ் 304, நீளம் ரெண்டரை அடி, ஒரு முனை கூரா, மறு முனையில மரக்கைப்பிடி. லேத் பட்டறையில செஞ்சு தருவாங்க. கட்டடத்துக் கம்பியும் ஜிஐ கம்பியும் கூடவே கூடாது. ஜிஐயில துத்தநாகப் பூச்சு இருக்கு, தீயில அது புகைஞ்சு கறியில இறங்கும். 25 பேருக்கு 12 கம்பி இருந்தா பாதி தீயில, பாதி மேசையில ஓடிக்கிட்டே இருக்கும்.

டவுண் ரதவீதி:

அன்னாசிய விட்டுட்டீங்களே. தோல் சீவி முழுசாவோ ரெண்டாப் பிளந்தோ கம்பியில குத்தி, கடைசியா கரி தணிஞ்ச பிறகு வைங்க. அங்க சர்க்கரையும் பட்டைப்பொடியும் தூவுவாங்க. நம்ம உடன்குடிக் கருப்பட்டியத் தூளாக்கி பட்டைப்பொடியோட தூவுனா இன்னும் நல்லாருக்கும். ஆனா கருப்பட்டி சீக்கிரம் கருகும், பழம் முக்கால்வாசி சுட்ட பிறகு தூவுங்க.

மகாராஜநகர் வாசகன்:

நடுவுல ஒரு கேள்வி. மாட்டுத் திமிலக் கூடச் சுட்டுத் தருவாங்கன்னு கேள்விப்பட்டேன், உண்மையா?

டவுண் ரதவீதி:

உண்மைதான் தம்பி. குப்பிம்னு பேரு. பிரேசில்ல அதிகமா இருக்கிற மாடு நெலோரே. நம்ம நெல்லூர், ஓங்கோல் பக்கத்துல இருந்து கப்பல்ல போன இனத்தோட வழி. அதனாலதான் அங்க திமில் கிடைக்குது. தசைக்குள்ள கொழுப்பு நூல் நூலா ஓடியிருக்கும், சட்டுனு வேகாது. நல்லா சுத்தி மூடி, பல மணி நேரம் மெதுவா வேக வச்சு, கடைசியா மேல மட்டும் தீயில சிவக்க விடுவாங்க. அமெரிக்காவுல வளர்க்கிற மாட்டுக்கு பெரும்பாலும் திமில் கிடையாது, டல்லாஸ் கடையில எதிர்பாக்க வேண்டாம்.

கயத்தாறு கரிமூட்டம்:

சமாதானபுரம் தம்பி, பரிமாறுற வரிசையையும் இப்பவே முடிவு பண்ணிருங்க. கரி ரொம்பச் சூடா இருக்கும்போது ஹார்ட், அது முடியும்போது கோழி, ஆட்ட கோழிக்கு அரைமணி நேரம் முன்னாலயே உசர முனையில ஏத்திருக்கணும். முக்கால் மணி நேரம் கழிச்சுப் புதுக் கரி தேவைப்படும். அத அடுப்புலயே கொட்டுனா சூடு இறங்கி புகை கிளம்பும், அதனால பக்கத்துல ஒரு பழைய இரும்புச் சட்டியில தனியா கனிய வச்சு எடுத்துப் போடுங்க. சுடுறதுக்கு ஒருத்தர், கம்பியோட சுத்தி வந்து அறுத்துப் போடுறதுக்கு ரெண்டு பேரு. அறுக்கிற கத்தி ஒரு அடி நீளம் இருக்கணும், முந்தின நாளே சாணை பிடிச்சு வைங்க.

சமாதானபுரத்தான்:

குறிச்சுக்கிட்டேன் அண்ணாச்சி. தட்டைக் கம்பிக்கு நாளைக்கே பட்டறையில சொல்லி வைக்கிறேன்.